பாஸ்வேர்டைத் தொடுவதற்கு முன்

ஆபீஸ் மெயில் வரவில்லை என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது பாஸ்வேர்டை மறுபடி அடிப்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரையில் வந்து நிற்கும் பெட்டி அதைத்தான் கேட்கிறது. அவுட்லுக்கில் ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும்) அல்லது பாப் (மெயில் கணினிக்கு இறங்கிவிடும்) கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி நன்றாகவே பழக்கம். சரியான பாஸ்வேர்டை அடித்து ஓகே கொடுத்தாலும் மூடிய வேகத்தில் மறுபடி வந்து நிற்கும். நெட் பாதியில் அறுந்தாலும், சர்வர் நேரத்துக்குப் பதில் சொல்லாவிட்டாலும், இணைப்புகள் அதிகமாகிவிட்டன என்று சர்வர் மறுத்தாலும் பெரும்பாலும் இதே பெட்டிதான் வருகிறது. உள்ளே போக முடியவில்லை என்பதற்கு மேல் அது எதையும் தெரிவிப்பதில்லை. பாஸ்வேர்டு தவறு என்பது நாமாகச் சேர்த்துக்கொள்ளும் பொருள். மெயில் புரோகிராம் சர்வரோடு பேசும்போது பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது கிட்டத்தட்டக் கடைசியில் நடக்கும் வேலை. அதற்கு முன்னால் வேறு பல வேலைகள் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் மாற்றக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இங்கே எடுத்துக்கொள்வது மிகப் பரவலான ஓர் அமைப்பு: சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு அலுவலகம், வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர், அதில் ஐமேப் சேவைக்கு டவ்காட், அனுப்புவதற்கு போஸ்ட்ஃபிக்ஸ் அல்லது எக்சிம், மேசைகளில் அவுட்லுக்கும் தண்டர்பேர்டும்.

புரோகிராமைத் திறந்ததும் ஓரிரு வினாடிக்குள் நடப்பது இது. செட்டிங்கில் எழுதியிருக்கும் சர்வர் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கொடுத்து ஐபி முகவரி கேட்கிறது. கிடைத்த முகவரியில் அந்தச் சேவைக்கான எண்ணிட்ட வாசலை, அதாவது போர்ட்டைத் தட்டுகிறது. திறந்தால், பேசுவதை யாரும் ஒட்டுக் கேட்காதபடி டிஎல்எஸ் குறியாக்கத்தை ஏற்படுத்திக்கொள்கிறது. அப்போது சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது, புரோகிராம் அதைப் பரிசோதிக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போகின்றன. அவை ஏற்கப்பட்டால் அஞ்சல் பெட்டி திறக்கிறது. இந்த வரிசை மாறாது என்பதுதான் நமக்குப் பெரிய வசதி. சான்றிதழ் எச்சரிக்கை திரையில் வந்திருந்தால் டிஎன்எஸ்ஸும் போர்ட்டும் வேலை செய்துவிட்டன என்று அர்த்தம். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். பாஸ்வேர்டு தவறு என்று சர்வரே தன் வாயால் சொல்லியிருந்தால் அதற்கு முந்தியவை அனைத்தும் சரி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் குழாயைக் கழற்றுவதுபோலத்தான், இந்த வரிசையின் வால்பகுதியில் இருக்கும் பாஸ்வேர்டை முதலில் மாற்றுவது.

ஆகவே முதல் வேலை பழுது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளப்பது. இதற்கு செட்டிங்ஸ் பக்கமே போக வேண்டாம். பக்கத்து மேசையில் மெயில் வருகிறதா? உங்கள் கணினியை ஆபீஸ் வைஃபையிலிருந்து கழற்றி போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் வருகிறதா? பிரவுசரில் வெப்மெயில் திறக்கிறதா? வருவது நின்றதா, போவது நின்றதா, இரண்டுமா? ஹாட்ஸ்பாட்டில் வந்து ஆபீஸ் நெட்டில் வராவிட்டால் கணினி, கணக்கு, பாஸ்வேர்டு மூன்றும் ஒரே நொடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடுகின்றன. மிச்சம் ரவுட்டர், ஃபயர்வால், நெட் நிறுவனம், அல்லது உங்கள் ஆபீஸ் முகவரியைத் தடை செய்துவிட்ட சர்வர். ஒருவருக்கு மட்டும் வரவில்லை, மற்றவர்களுக்கு வருகிறது என்றால் அந்தக் கணினியையும் அந்தக் கணக்கையும் மட்டும் பார்த்தால் போதும். உங்கள் கணக்கை வேறொரு கணினியில் வெப்மெயில் வழியே திறந்து பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் பிரிந்துவிடும்.

வெப்மெயில் சோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெப்மெயில் திறக்கிறது, அதனால் சர்வர் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கம்தான் என்று உதவி மையத்தில் சொல்வது வழக்கம். பாதி உண்மை. வெப்மெயிலுக்குப் பிரவுசர் போவது 443 போர்ட்டில். அங்கே இருக்கும் ரவுண்ட்கியூப் போன்ற மென்பொருள் பெரும்பாலும் அதே சர்வருக்குள்ளேயே ஐமேப் சேவையோடு பேசிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் 993 போர்ட்டை அது தொடுவதே இல்லை. எனவே வெப்மெயில் திறந்தால் உங்கள் பாஸ்வேர்டு சரி, பெட்டி உயிரோடு இருக்கிறது என்ற இரண்டும் நிரூபணமாகின்றன. 993 திறந்திருக்கிறதா, மெயில் சேவையின் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பவை நிரூபணமாகவில்லை. பிங் சோதனையும் இப்படித்தான். பிங்குக்குப் பதில் வந்தால் இயந்திரம் இருக்கிறது, அவ்வளவே. பதில் வராததற்கும் பெரிய பொருள் கிடையாது, பல சர்வர்கள் பிங்கை வேண்டுமென்றே புறக்கணிக்கின்றன.

இனி படிகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம். சர்வர் பெயரே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் டிஎன்எஸ்ஸில் நின்றிருக்கிறது. எழுத்துப் பிழையைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது டொமைனின் புதுப்பிப்புத் தேதி. சிறு அலுவலகங்களில் டொமைனை வாங்கியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்; கட்டணம் கட்டச் சொல்லும் நினைவூட்டல், யாரும் திறக்காத அவருடைய பழைய பெட்டிக்கே வருடம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். டொமைன் காலாவதியானால் வெப்சைட்டும் மெயிலும் சேர்ந்தே விழும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. கண்டுபிடிக்கக் கடினமானது, பெயர் கிடைத்தும் தவறான முகவரி கிடைப்பது. சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு சில கணினிகள் மட்டும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கலாம். ரவுட்டரிலோ கணினியிலோ பழைய பதில் சேமிப்பில் இருக்கும், அல்லது மாற்றம் நடந்த நாட்களில் சோதனைக்காக யாரோ கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வர் பெயருக்கு நேரே முகவரியை எழுதிய வரி அழிக்கப்படாமல் கிடக்கும். சர்வர் ஆபீஸுக்குள்ளேயே இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: உள்ளே இருப்பவர்களுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரியும் வெளியே இருப்பவர்களுக்குப் பொது முகவரியும் தரப்படும். லேப்டாப் உள்ளேயும் வெளியேயும் போய் வரும்போது ஒன்றின் பதிலை மற்றொன்றில் பிடித்துக்கொண்டு தடுமாறும். விண்டோஸில் என்எஸ்லுக்அப் கட்டளைக்குச் சர்வர் பெயரைக் கொடுத்து, ஆபீஸ் நெட்டில் ஒரு முறையும் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறையும் கிடைக்கும் முகவரிகளை ஒப்பிட்டால் நெட்டுக்கு நெட் பதில் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். ஹோஸ்ட்ஸ் கோப்பை அந்தக் கட்டளை பார்க்காது, அதைத் தனியே திறந்து பார்க்க வேண்டும். கணினியை ஒரு முறை அணைத்துப் போடுவது இந்த இடத்தில் நிஜமாகவே பயன்படும், சேமிப்பில் இருக்கும் பழைய பதில்கள் அதில் போய்விடும். அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இவ்வளவு நியாயம் உண்டு. ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்தது போர்ட். ஐமேப்புக்கு 993, பழைய வழியில் 143. பாப்புக்கு 995, பழைய வழியில் 110. அனுப்புவதற்கு 465 அல்லது 587. எண்கள் ஏன் இப்படி இரட்டையாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெயிலை அனுப்பும் எஸ்எம்டிபி 1982-இல் வரையறுக்கப்பட்டது, ஐமேப்பை மார்க் கிரிஸ்பின் 1986-இல் உருவாக்கினார். அன்றைக்குக் குறியாக்கம் என்ற பேச்சே இல்லை. பிறகு குறியாக்கத்தைச் சேர்க்க இரண்டு வழிகள் பிறந்தன. தொடக்கத்திலிருந்தே குறியாக்கத்தோடு பேசத் தனிப் போர்ட் வைப்பது ஒன்று. பழைய போர்ட்டிலேயே வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, நடுவில் குறியாக்கத்துக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ் மற்றொன்று. 465-ஐ 1990-களின் இறுதியில் கொடுத்துப் பிறகு திரும்பப் பெற்றார்கள். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் அதை மறுபடி அங்கீகரித்து, முதல் வழியே மேல் என்று பரிந்துரைத்தது. இந்த முன்னுக்குப் பின் முரணான வரலாற்றால்தான் ஒரு வழிகாட்டி 587 என்கிறது, இன்னொன்று 465 என்கிறது. இரண்டும் சரிதான், எண்ணையும் குறியாக்க முறையையும் சேர்த்தே மாற்றினால். 465 என்று போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தால், சர்வர் முதலில் பேசட்டும் என்று புரோகிராம் காத்திருக்கும், புரோகிராம் குறியாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். நேரம் கடந்துவிட்டது என்ற பிழையோடு முடியும். பார்ப்பவர் நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

போர்ட் படியில் வரும் பிழைகளில் இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் அந்த முகவரியில் ஏதோ ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. இயந்திரம் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் சேவை ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் முகத்துக்கு நேரே மறுக்கிறது. வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் கடந்தது என்று வந்தால் உங்கள் கோரிக்கைகள் எங்கேயோ சத்தமில்லாமல் விழுங்கப்படுகின்றன: முகவரி தவறு, அல்லது வழியில் ஒரு ஃபயர்வால், அல்லது மேலே சொன்ன 465 குழப்பம். விண்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளை இருக்கிறது. சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் திறக்கிறதா இல்லையா என்று மெயில் புரோகிராமின் தலையீடு இல்லாமல் சொல்லிவிடும். திறக்கிறது என்று வந்தால் நெட் நிறுவனத்துக்குப் போன் போடுவதில் பயனில்லை.

சான்றிதழ் படிதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். எச்சரிக்கை வந்ததும் பார்க்க வேண்டியது, கணினியின் கடிகாரம். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் உலகத்தின் எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். பிரவுசரும் சேர்ந்து அலறும் என்பதால் இதைத் தவறவிட முடியாது. கடிகாரம் சரி என்றால் எச்சரிக்கையில் எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். காலாவதி என்றால், லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ்கள் 90 நாள் மட்டுமே செல்லுபடியாகும் வகையில் பரவியவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சர்வர் அவற்றைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் புதுக் கோப்பு வந்ததை டவ்காட்டுக்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் யாராவது சொல்ல வேண்டும். சேவையை மறுபடி ஏற்றாவிட்டால் அவை நினைவில் இருக்கும் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். வெப்சைட்டில் பூட்டு பத்திரமாகத் தெரியும்போதே மெயிலில் மட்டும் காலாவதி எச்சரிக்கை வருவதற்கு இதுவே பொதுவான காரணம். பெயர் பொருந்தவில்லை என்றால், பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீங்கள் உங்கள் டொமைனின் பெயரை எழுதியிருப்பீர்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தந்த சர்வர் பெயரை எழுதினால் முடிந்தது. வழங்கியவரை நம்பவில்லை என்றால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். மெயிலைப் பரிசோதிப்பதற்காகச் சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து தங்கள் சொந்தச் சான்றிதழைக் காட்டுகின்றன. தண்டர்பேர்ட் யாரை நம்புவது என்ற பட்டியலைத் தனியாக வைத்திருக்கும் மென்பொருள் என்பதால், ஒரே கணினியில் அவுட்லுக் ஏற்பதை அது மறுக்கக்கூடும்.

காலமும் இந்தப் படியில் விளையாடுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, சர்வரில் யாரும் எதையும் தொடாமலேயே பழைய இயங்குதளங்கள் பலவற்றில் இணைப்பு அறுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் முறைப்படி கைவிடப்பட்டன. தண்டர்பேர்ட் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலேயே அவற்றை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-இல் டிஎல்எஸ் 1.2 இருந்தாலும் அவுட்லுக் நம்பியிருக்கும் பகுதியில் அது தானாக இயங்காது, தனி அப்டேட் வேண்டும். நேற்றுவரை ஓடியது, நான் எதையும் மாற்றவில்லை என்று பயனர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. மாறியது மறுமுனை, அல்லது வெறும் தேதி. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர் என்று அழுத்தினால் மெயில் வந்துவிடுகிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். வரும்தான். ஆனால் அடுத்த படியில் போகப்போவது உங்கள் பாஸ்வேர்டு. யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பரிசோதிக்கும் ஒரே இடத்தை நிரந்தரமாக அணைத்துவிட்டால், கடைத்தெரு வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருக்கும் எவரும் அதை வாங்கிக்கொள்ளலாம். காரணம் தெரிந்த காலாவதியைச் சர்வரை நிர்வகிப்பவர் உறுதி செய்தால் அன்றைக்கு மட்டும் ஏற்கலாம். பெயர் பொருந்தாமையையும் அறியாத வழங்குநரையும் அப்படி ஏற்கக் கூடாது.

இப்போதுதான் பாஸ்வேர்டின் முறை. இங்கேயும் பாஸ்வேர்டு தவறு என்பதற்கு முன் கேட்க வேண்டியது, சர்வர் பாஸ்வேர்டையே ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பது. கூகுள் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டோடு மெயில் புரோகிராம்கள் நுழைவதை 2022 மே 30-இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் இதை அணைக்கத் தொடங்கியது. ஆபீஸ் மெயிலுக்குப் பின்னால் இவற்றில் ஒன்று இருந்தால், பிரவுசர் சாளரம் திறந்து உள்நுழையும் ஓஆத் முறையைப் புரோகிராமில் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுப்பது இன்னொரு வழி. அவுட்லுக் 2010-க்கு ஓஆத் தெரியாது, அதில் வழக்கமான பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் சரிதான் என்று சர்வர் சொல்லப்போவதில்லை. நம் சிறு அலுவலகச் சர்வரில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியவை சிறியவை: பயனர் பெயர் முழு மெயில் முகவரியா, அட் குறிக்கு முந்திய பகுதி மட்டுமா, வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை நகல் எடுத்தபோது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டதா, கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா, தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கிறதா. நோட்பேடில் அடித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பார்த்ததும் மூடிவிடுங்கள்.

தவறான சந்தேகத்தில் பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே இருப்பதால் என்ன நஷ்டம், பலித்தால் பலிக்கட்டுமே என்பவர்களுக்கான பதில் இந்த இடத்தில் இருக்கிறது. லினக்ஸ் மெயில் சர்வர்கள் பலவற்றில் ஃபெயில்2பேன் என்ற காவலாளி ஓடுகிறது. அதன் செட்டிங்கை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறான உள்நுழைவு வந்த ஐபி முகவரியை அது 10 நிமிடம் தடை செய்யும். பல நிர்வாகிகள் இந்த நேரத்தை மணிக்கணக்காக நீட்டி வைக்கிறார்கள். ஆபீஸில் 20 கணினிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே ஐபி முகவரி. ஆகவே ஒருவர் செய்யும் தவறுக்கு 20 பேரும் வெளியே நிற்பார்கள். தடை விழுந்த பிறகு சர்வர் பாஸ்வேர்டு தவறு என்று சொல்வதில்லை. இணைப்பையே மறுக்கும் அல்லது விழுங்கும், பார்ப்பவருக்குச் சர்வரே செத்துவிட்டதுபோலத் தெரியும். இந்தத் தடையை மனிதர்கள் வரவழைப்பதைவிடக் கருவிகள் வரவழைப்பதுதான் அதிகம். ஒருவர் காலையில் பாஸ்வேர்டை மாற்றுகிறார், கணினியில் புதியதைப் போடுகிறார், பையில் கிடக்கும் பழைய போனை மறந்துவிடுகிறார். அந்தப் போன் ஆபீஸ் வைஃபையில் சேர்ந்துகொண்டு பழைய பாஸ்வேர்டோடு சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தடை விலகும், மெயில் வரும், மறுபடி தடை விழும். ஆபீஸ் முழுக்க விட்டுவிட்டு வரும் மெயிலுக்கு, அதுவும் ஹாட்ஸ்பாட்டில் எப்போதும் சரியாக வரும் மெயிலுக்கு, முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. அண்மையில் யார் பாஸ்வேர்டை மாற்றினார்கள் என்று ஒரு சுற்றுக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தத் தடைக்கு நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரே பயனருக்கு டவ்காட் இயல்பாக அனுமதிப்பது 10 ஐமேப் இணைப்புகள். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு இயல்பாக 5 இணைப்புகள் வரை திறந்து வைத்துக்கொள்ளும். விசாரணைகளுக்கென்று ஒரு பொது முகவரி வைத்து அதை மூன்று நான்கு மேசைகளில் திறந்து வைப்பது நம் அலுவலகங்களில் சாதாரணம். இரண்டு கணினிகளிலேயே வரம்பு நிறைந்துவிடும், மூன்றாமவர் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருப்பார். அவருடைய பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை. தண்டர்பேர்டின் சர்வர் செட்டிங்ஸில் மேம்பட்ட பகுதியைத் திறந்து இணைப்புகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தாலோ, சர்வரில் வரம்பை உயர்த்தினாலோ தீர்ந்துவிடும்.

கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடுகிறது என்று அனுபவம் பேசுபவர்கள் ஏராளம். பலமுறை சரியாகிறது என்பது உண்மை, ஆனால் ஏன் என்று பாருங்கள். புதிதாகச் சேர்க்கும்போது புரோகிராம் சர்வர் பெயர், போர்ட், குறியாக்க முறை மூன்றையும் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. பழைய கணக்கில் அவற்றில் ஒன்று பழசாகிப் போயிருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டு நிமிட வேலை. நீக்கியதில் போனவை என்ன? பாப் கணக்காக இருந்தால், சர்வரிலிருந்து இறக்கி அழிக்கப்பட்ட பல வருட மெயில்களுக்கு அந்தக் கணினியே ஒரே இருப்பிடம். தண்டர்பேர்டில் கணக்கை நீக்கும் பெட்டியில் மெயில் தரவையும் சேர்த்து அழிக்க ஒரு டிக் இருக்கிறது, அவசரத்தில் கை அங்கே போகும். சர்வரில் நகல் வைத்திருக்கும் பாப் கணக்கு என்றால் எதையெல்லாம் முன்பே இறக்கினோம் என்ற குறிப்பு போய், எல்லா மெயிலும் இரண்டாம் முறை வந்து குவியும். ஐமேப்பிலும் அவுட்பாக்ஸில் அனுப்பாமல் நிற்கும் மெயில்கள் சர்வரில் கிடையாது. கணக்கை நீக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லாப் படிகளும் சரியாக இருந்து புரோகிராமின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கின்றன என்று தெரியவந்தால் அதுவே வழி, அப்போதும் பழையதை விட்டுவைத்துவிட்டுப் பக்கத்தில் புதிய புரொஃபைல் ஒன்றைத் தொடங்கிச் சோதிப்பது பாதுகாப்பானது.

மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது என்றால் வேலை சுருக்கம், அனுப்பும் சர்வரை மட்டும் பார்த்தால் போதும். 25 என்று எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள். ஸ்பேமைத் தடுக்க அந்தப் போர்ட்டைப் பல நெட் நிறுவனங்கள் மூடிவைத்திருக்கின்றன, அது இப்போது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். பிழையில் 530 என்ற எண் வந்தால் அனுப்புவதற்கும் உள்நுழைவு வேண்டும் என்பதைச் செட்டிங்கில் இயக்கவில்லை. 535 என்றால் உள்நுழைவு மறுக்கப்பட்டது. அவுட்பாக்ஸில் பெரிய இணைப்புக் கோப்போடு ஒரு மெயில் மாட்டியிருந்தாலும் எதுவும் போகாததுபோலத் தெரியும், இணைப்புகள் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் பார்க்க நிர்வாகி இருக்கிறாரே, ஊழியர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சர்வரின் லாக் அவரிடம் இருக்கிறது, தடையை நீக்க அவரால்தான் முடியும். ஆனால் ஹாட்ஸ்பாட்டில் வருகிறதா, திரையில் என்ன எழுதியிருந்தது, அது உடனே வந்ததா ஒரு நிமிடம் கழித்து வந்ததா என்பதை உங்கள் மேசையில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். அவருக்கு அனுப்பும் தகவலில், மெயில் நின்றுவிட்டதால் வாட்ஸ்அப்பிலோ போனிலோதான் அனுப்புவீர்கள், பிழை வாசகத்தை முழுதாக வையுங்கள், படமாக எடுத்தாலும் சரி. எந்தப் புரோகிராம், எந்த சர்வர் பெயர், எந்தப் போர்ட், எந்தக் குறியாக்க முறை, எந்தெந்த நெட்டில் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுதாதீர்கள், அவருக்கு அது தேவைப்படாது. முயன்ற நேரத்தை நிமிடத்தோடு குறிப்பிட்டு, ஆபீஸின் பொது ஐபி முகவரியையும் சேருங்கள். கூகுளில் என் ஐபி என்ன என்று தேடினால் அதைக் காட்டும் தளங்கள் பல கிடைக்கும். நிர்வாகி லாகில் அந்த நிமிடத்துக்குப் போய் அந்த முகவரியைத் தேடுவார். அங்கே அது இல்லாவிட்டால் உங்கள் கோரிக்கை மெயில் சேவையை எட்டவில்லை, அடுத்து அவர் ஃபயர்வாலின் தடைப் பட்டியலைத் திறப்பார். இருந்தால், மறுத்த காரணம் பெரும்பாலும் அதே வரியில் எழுதியிருக்கும்.